நீ நடக்காத நடை

பவுனக்கா, என் தங்கமே,

இப்படி உன்னைக் கூப்பிட்டு வெகு வருசமாகிவிட்டது. வாய்விட்டுக் கூப்பிட வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு அஞ்சாம் வகுப்புப் படிப்பு என்பது உனக்குத் தெரியும். எங்கேயாவது தடுமாறினால் நீ பொறுத்துக்கொள்வாய். படிக்கிற மற்றவர்களும் பொறுத்துக்கொள்ளட்டும்.

எழுதச் சொன்னது கனிதான். உன் மகள் கனி. எழுதி நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி பத்திரிகையில் போடுங்கள் சித்தி, அம்மாவைத் தெரிந்தவர்கள் யாராவது பார்க்கட்டும் என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். சொல்ல நாக்கு கூசுகிறது அக்கா.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீ மஞ்சக்காமாலையில் கண்ணை மூடும்போது இடுப்பிலிருந்து இறங்காத பிள்ளை, இப்போது மாசமாக இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு என்னிடம் வந்திருக்கிறாள். மாப்பிள்ளை கழுகுமலை. பாத்திரக் கடை வைத்திருக்கிறார்கள். குழம்பில் உப்பில்லை என்றால்கூட வாயைத் திறந்து சொல்லாத பிள்ளை. நீ போன பிறகு அத்தான் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு திருப்பூரோடு போய்விட்டார். எனக்குப் பிள்ளை இல்லை, கனியை நான் தூக்கிக்கொண்டேன். பசுவந்தனையை விட்டுக் கோவில்பட்டிக்கு வந்து, ஸ்டேசனுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருக்கிறோம். ரயில் போனால் அடுக்களையில் தட்டெல்லாம் ஆடும்.

போன வருசம் கல்யாணம் நிச்சயமானதும் அவள் நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்கம்மா கல்யாண வீடியோவுல வரணும் சித்தி."

எனக்குப் புரியவில்லை. அவளோடு படித்த பெண்ணின் கல்யாண சி.டி.யைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். மண்டபத்தில் நிஜமான பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் டிவியில் பிள்ளைகள் பார்க்கிற பொம்மைப் படத்தில் வருமே, அதுபோல இரண்டு வாத்து ஆடி ஆடி நடந்து வருகிறது. மேலிருந்து ஒரு குட்டி யானை பூப்போடுகிறது. எல்லாம் கம்ப்யூட்டரில் செய்கிற கிராபிக்ஸாம்.

"வாத்தெல்லாம் நடந்து வருது. எங்கம்மா நடந்து வரக்கூடாதா?" என்றாள்.

பஜாரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். செந்தில் என்று ஒருவர், மதுரையில் போய் இந்தக் கிராபிக்ஸ் வேலையைப் படித்துவிட்டு வந்தவர். எங்களோடு மாப்பிள்ளையின் அக்கா கோமதியும் வந்திருந்தாள், வீடியோவுக்குப் பாட்டு எடுத்துக்கொடுக்க. உன்னுடைய ஒரே போட்டோவைச் செந்தில் கையில் கொடுத்தேன். சேலை பாதம்வரை மூட, நாற்காலியில் நீ உட்கார்ந்திருக்கிற போட்டோ.

"யக்கா, இவிய ஒக்காந்துல்லா இருக்காவ" என்றார். "மொகத்த இதுல இருந்து எடுத்துருவேன். ஒடம்ப நான் வரையணும். கையக் கொஞ்சம் காலக் கொஞ்சம் மாத்தி மாத்தி, படம் படமா வரைஞ்சு ஓட விட்டா நடப்பாவ. அதத் தூக்கிக் கல்யாண வீடியோ மேல வச்சிருவேன். கூட்டத்துக்குள்ள வந்து நிக்கிற மாதிரியே இருக்கும்."

"நெழல் விழுமா அண்ணாச்சி?" என்று கனி கேட்டாள்.

"விழ வச்சிருவோம் தாயி. நெழலில்லாம நடந்தா பேயின்னுருவாங்க, பொறவு ஒங்க மாமியா வீட்டுல பாதிப் பேரு எந்திரிச்சு ஓடிருவாவ."

கனி சிரித்தாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார் அக்கா. "அவிய நட எப்படி இருக்கும்? அதச் சொல்லுங்க. மொகம் போட்டோவுல இருக்கு. நட தெரியாம வரைஞ்சா அது வேற ஆளாப் போயிரும்."

உனக்கு மூன்று வயசில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போனது. நீ அந்தக் காலை இழுத்து, இடுப்பைச் சாய்த்துத்தான் நடப்பாய். இது ஊருக்கே தெரியும். ஆனால் நம் வீட்டில் அதை யாரும் வாயால் சொன்னதில்லை. விருந்தாள் வரும் சத்தம் கேட்டால் அம்மா, "ஏட்டி பவுனு, ஆளு வாராவ, ஒக்காரு" என்பாள். நீ உட்கார்ந்துவிடுவாய். பெண் பார்க்க வந்தபோதும் உன்னை முன்கூட்டியே பாயில் உட்காரவைத்துவிட்டு, காப்பித்தட்டை என்னிடம் கொடுத்து அனுப்பினார்கள். போட்டோ எடுத்தாலும் நாற்காலி. எழுந்து நின்ற போட்டோ ஒன்றுகூட உனக்குக் கிடையாது.

நம் கனிக்கும் நான் சொல்லவில்லை. கோவில்பட்டியில் உன்னைத் தெரிந்தவர்கள் குறைவு. சொல்லாமலே காலம் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லவில்லை. சொன்னால் பிறக்கிற பிள்ளைக்கும் வருமோ என்று யாராவது ஆரம்பிப்பார்கள் என்று பயம்.

"எல்லாரையும் போலத்தான் தம்பி. நேரா நடப்பா" என்றேன்.

சொல்லிவிட்டுக் கோமதியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நாங்கள் பேசியதைக் கவனிக்கவே இல்லை. பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். யாருமே பார்க்காத இடத்தில் உன்னை நான் ஒளித்துவைத்திருக்கிறேன்.

கல்யாணத்தன்று செந்தில் சொல்லியிருந்தபடி, பெண்ணுக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தோம். பிறகு உன்னை அங்கேதான் வைக்கப்போகிறாராம். நம் சனங்களா இடம் விடுவார்கள்? தாலி கட்டி முடித்ததும் ஆளாளுக்கு வந்து அந்த இடத்தில் நிற்கிறார்கள். என் வீட்டுக்காரர் கையை விரித்துக்கொண்டு, பஸ்ஸில் சீட்டுப் பிடித்தவர் மாதிரி மறித்துக்கொண்டிருந்தார்.

"அங்கன நிக்காதீய தாத்தா. எங்கம்மா வருவாவ" என்று கனி மணவறையிலிருந்தே சொன்னாள்.

அங்கே வந்து நின்ற நம் சின்னய்யாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எந்தம்மா?" என்றார். அப்புறம் அவர் பந்திக்குப் போகும்வரை மணவறைப் பக்கமே வரவில்லை. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அத்தான் திருப்பூரிலிருந்து வந்திருந்தார். விருந்தாளி மாதிரி அட்சதை போட்டுவிட்டு, அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

கல்யாணம் முடிந்து செந்தில் என்னை வரச்சொன்னார். உன் நடை அவருக்குத் தெரியாதில்லையா. "நீங்களே நடங்கக்கா. கூடப்பிறந்தவங்கதான, ஒரே சாயலா இருக்கும். ஒங்கள வீடியோ எடுத்து, ஒங்க மேலயே அவியள வரைஞ்சிருதேன்" என்றார்.

உன் சேலை ஒன்று என் பெட்டியில் இருந்தது. வான நீலத்தில் சின்னப் பூப்போட்டது. அதைக் கட்டிக்கொண்டு போனேன். பார்த்ததும் தலையில் கைவைத்துவிட்டார். சுவர் முழுக்க நீலத்துணி தொங்கவிட்டிருந்தார்கள். அந்த நீலத்தைக் கம்ப்யூட்டர் தின்றுவிடுமாம். ஆள் மட்டும் மிஞ்சுவாராம்.

"இந்தச் சேலையோட நின்னா ஒங்க ஒடம்பையும் தின்னுருமேக்கா. தலையும் கையும் மட்டும் மண்டபத்துல மெதக்கும்."

போட்டோ எடுக்க வருகிறவர்களுக்காக வைத்திருந்த சிவப்புப் பட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு நடந்தேன். உன்னுடையது என்று கையில் இருந்த ஒரே பொருளையும் கழற்றி மடித்து வைத்துவிட்டு நடந்தேன். "யக்கா, ரேசன் கடைக்குப் போற மாதிரி போறீங்க. மக கல்யாணம், மெதுவாப் போங்க" என்றார். மெதுவாகப் போனேன். ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். அங்கே பொண்ணு மாப்பிள்ளை தலை இருக்கிறதாக நினைத்து அட்சதை போடச் சொன்னார். போட்டேன். ஒரு தடவையாவது காலை இழுத்து நடந்திருக்கலாம். தனியாகத்தான் இருந்தோம். அன்றைக்குக் கோமதிகூட இல்லை.

சி.டி. வந்த அன்று லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான். கழுகுமலையிலிருந்து சம்மந்தியம்மாவும் வந்திருந்தார்கள். தாலி கட்டி முடிந்தது. தூணுக்குப் பின்னாலிருந்து நீ வந்தாய் அக்கா. வரைந்த உடம்பு, வரைந்த பட்டு, உன் போட்டோ முகம். கண் மட்டும் சிமிட்டுகிறது. சுற்றிலும் நிஜ மனுசர்கள், நடுவில் நீ மட்டும் பளீரென்று படம். தரையில் உன் நிழல் கூடவே வருகிறது. கல்யாணத்தன்று அந்தத் தூண் பக்கம் நின்றுகொண்டிருந்தது நான். நீ என்னைத் தாண்டிப் போகும்போது உன் சேலை என்னை மறைத்துவிட்டது.

"ஏ, சாமி வார மாதிரில்லா வாரா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நட என்ன அழகு. ஒங்க அக்கா மகராசி மாதிரில்லா நடக்காவ" என்றார்கள் சம்மந்தியம்மா.

கனி எழுந்து போய் டிவிக் கண்ணாடியில் உன் பாதத்தைத் தொட்டாள். திருப்பிப் போடு, திருப்பிப் போடு என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்த நேரம் நிம்மதியாகத்தான் இருந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை என்ற நிம்மதி. அதை எழுதவே கை வரமாட்டேன் என்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

போன மாசம் பிரசவத்துக்கு வந்தாளா, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் லைன் வீட்டு வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். நான் சொளகில் பயறு புடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் நடை மாறியிருக்கிறது. தோளை நிமிர்த்திக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, மெதுவாகப் பாதம் பாதமாக வைத்து நடக்கிறாள்.

"என்னட்டி, புதுசா நடக்க?" என்றேன்.

"எங்கம்மா நட, சித்தி. சி.டி. பாத்துப் பழகுதேன். வயித்துல இருக்கது பொம்பளப்பிள்ளையா இருந்தா அதுக்கும் பழக்கிருவேன்."

அக்கா, அது என் நடை. செந்தில் சொன்ன மாதிரி ரேசன் கடைக்குப் போகிறவள் மெதுவாக நடந்த நடை. உன் மகள் அதை உன்னுடையது என்று நம்பிப் பழகிக்கொண்டிருக்கிறாள். சொளகைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"கனி, இங்கன வா. ஒங்கம்மா அப்படி நடக்க மாட்டா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், கால், பாய், நாற்காலி, ஸ்டுடியோவில் நான் சொன்ன பொய், எல்லாம். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். படியில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் முடித்ததும், "எனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கு சித்தி" என்றாள். "யாரோ இடுப்புல என்ன வச்சிருக்காவ. ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு ஆடும். தூக்கம் வரும். அது ஏதோ பஸ்ஸுல போனதுன்னுல்லா நெனச்சிருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு உன் நடை கொஞ்சம் இருந்திருக்கிறது அக்கா. அவள் உடம்பில் இருந்திருக்கிறது. அதன்மேல் நான் என் நடையை வரைந்து மறைத்துவிட்டேன்.

"எனக்கு வெக்கமா இருக்கும்னு நெனச்சியளா சித்தி?"

"இல்லம்மா. வெக்கம் எங்களுக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோபம் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். "சரி, அழுதது போதும். எந்திரிங்க. அம்மா எப்படி நடப்பாவ? நடந்து காட்டுங்க. பாத்துக்கிடுதேன். செந்தில் அண்ணாச்சிட்டச் சொல்லித் திரும்ப வரையச் சொல்லுவோம்."

எழுந்து நின்றேன். சேலையைச் செருகிக்கொண்டேன். ஒரு காலை எடுத்துவைத்து, மற்றதை இழுத்தேன். சரியாக இருக்கிற மாதிரி இருந்தது. ஆனால் என்னமோ சந்தேகம். மாற்றி இழுத்துப் பார்த்தேன். அதுவும் சரியாக இருக்கிற மாதிரிதான் இருந்தது. கனி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் நடுவில் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன சித்தி?"

"எந்தக் காலுன்னு தெரியலட்டி."

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

ஒரே பாயில் உன்னோடு படுத்து எழுந்தவள் நான். உன்னோடு வருசக்கணக்காகத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வந்தவள். எந்தக் கால் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்துப் பார்த்தபிறகு காரணம் தெரிந்தது. வயசுக்கு வந்தபிறகு உன் பக்கத்தில் நான் நடந்ததே இல்லை. மற்றப் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று எட்டு வைத்து முன்னால் போய்விடுவேன். நீ பின்னால் வருவாய். கரிசல் காட்டுப் பாதையில் உன் செருப்புச் சத்தம் கேட்கும், ஒன்று தட்டும், ஒன்று தேயும். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அது எந்தப் பக்கம் என்று சத்தம் சொல்லமாட்டேன் என்கிறதே அக்கா. வீட்டிலும் அந்தக் காலைப் பார்க்காமல் இருக்கத்தான் எல்லாரும் பழகியிருந்தோம்.

கேட்க அம்மாவும் இப்போது இல்லை, சின்னய்யாவுக்கும் நினைவில்லை. அத்தானுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன். அவரோடு நான் பேசியே நாளாகிவிட்டது. விசயத்தைச் சொன்னேன்.

"வலது காலு" என்றார். "இல்ல... எடதா? படியேறையில எந்தக் கைய என் தோள்ல வைப்பா... இப்ப எதுக்கு இதக் கேக்க மாரி?" பின்னால் ஏதோ பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. "பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டார். பொறவு பேசவில்லை.

நம்மோடு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த சண்முகத்தாய் இப்போது வேலாயுதபுரத்துப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாள். அவளைத் தேடிப் போனேன். "இது கூடவா தெரியாது? இந்தா இப்படில்லா வருவா" என்று எழுந்து வலது காலை இழுத்துக் காட்டினாள். நாலு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள். "ஏட்டி இரு. நான் அவளுக்கு எதுக்க ஒக்காந்து தீக்குச்சி அடுக்குவேன். அவ வந்தா எனக்கு நேர வருவா. அப்ப என் வலதுன்னா அவளுக்கு எடதுல்லா?" மறுபடி நடந்தாள். மறுபடி நின்றாள். கடைசியில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "பாவி, இதக் கூடப் பாக்காமலா ஒக்காந்திருந்தோம்" என்றாள்.

அதனால்தான் இதைப் போடச் சொன்னாள் கனி. உன்னை நேராகப் பார்த்தவர்கள் யாராவது எங்கேயாவது இருக்கமாட்டார்களா என்று.

செந்திலிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. மண்டப வீடியோ அப்படியே இருக்கிறது, நீ நடக்கிற படத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைத்துவிடலாம் என்றார். நீலத்துணியை மாற்றிப் பச்சை போட்டுக்கொள்ளலாம், அப்போது அந்த நீலச் சேலையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார். "இந்தத் தடவ நெசமாச் சொல்லுங்கக்கா" என்றார். அவ்வளவுதான். சம்மந்தியம்மாவிடமும் கனியே சொல்லிவிட்டாள். அவர்கள் முழுவதையும் கேட்டுக்கொண்டார்களாம். பிறகு, "அப்பம் அந்த நடையும் பாப்போம்" என்றார்களாம்.

உனக்குச் சொல்லுகிறேன் அக்கா. கனிக்குப் பிள்ளை பிறக்கும் முன்னால் அந்தத் துணிக்கு முன்னால் போய் நிற்பேன். உன் காலை இழுத்து, உன் இடுப்பைச் சாய்த்து, எல்லார் கண்ணும் பார்க்கிற மாதிரி அந்த மண்டபத்துக்குள் உன்னைக் கூட்டிவருவேன். யார் என்ன சொன்னாலும் உட்காரச் சொல்லமாட்டேன். பச்சைத் துணி கட்டியாகிவிட்டது என்று செந்தில் ஆள் அனுப்பியிருக்கிறார். சேலையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள், உன் தங்கச்சி மாரி கேட்கிறேன்.

எந்தக் கால், அக்கா?